மிஸ்ஸுக்குப் பக்கத்து இடம்

அவரவர் பிள்ளை உட்காருகிற இடத்தில் அவரவர் போய் உட்காருங்கள் என்று பிரமிளா மிஸ் சொன்னதும் இரண்டாம் வகுப்பு முழுக்கச் சிரித்தது. பெற்றோர் கூட்டத்தை இனிமேல் இப்படித்தான் நடத்த வேண்டுமாம், பிள்ளையின் கண்ணால் வகுப்பைப் பார்க்க வேண்டுமாம், ஏதோ பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஹெல்மெட்டும் கையுமாக வந்த ஒரு அப்பா பெஞ்சுக்கும் டெஸ்குக்கும் நடுவில் தொப்பையை நுழைக்க முடியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, இங்கதான் சார் தூங்குறாரா என்று தன் பையனைப் பற்றிக் கேட்டார், அதற்கும் சிரித்தார்கள், சிந்தாமணியும் சிரித்தாள். அவள் யாரிடமும் இடம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே அல்லி சொல்லிவிட்டாள், மிஸ்ஸுக்குப் பக்கத்துலம்மா, தனி மேசை, எனக்கு மட்டும். ஆகவே பின்வாசல் வழியாக வந்தவள் பெஞ்சுகளுக்கு நடுவில் முன்பக்கம் பார்த்து நேராக நடந்தாள், கொஞ்சம் மெதுவாகவே நடந்தாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. காதில் தோடு, நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிக்கயிறு தவிர ஒரு மணி இல்லை, எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள், இஸ்திரி போட்ட சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, இவள் பாசிமணி விற்கிற அந்தக் காலனிக்காரி என்று முன்பின் தெரியாதவர்கள் சொல்ல முடியாது. கரும்பலகை வந்துவிட்டது. பலகைக்கு இந்த ஓரத்தில் மிஸ்ஸின் மேசை. மேசைக்கு முன்னால் ஒன்றும் இல்லை. முதல் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நடுக்கூடத்தில் அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். அப்போது மிஸ், முகம் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்க, கையிலிருந்த ஸ்கேலை மட்டும் நீட்டி, அல்லி அம்மா, உங்களுக்கு அதோ, அங்க என்றார். அங்கே என்றால் முன்வாசல் கதவு. கதவுக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் எல்.கே.ஜி. பிள்ளைகளின் மேசை ஒன்று, ஒரு ஸ்டூல். உட்கார்ந்தாள். முழங்கால் மார்பில் இடித்தது. அந்த ஸ்டூல் பலகையைப் பார்த்துப் போட்டதில்லை, பெஞ்சுகளைப் பார்த்தும் போட்டதில்லை, கதவோரம் வரிசையாக விட்டிருந்த செருப்புகளைப் பார்த்துப் போட்டிருந்தது.

பக்கத்தில்தான், பிள்ளை பொய் சொல்லவில்லை என்று முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். மிஸ்ஸின் மேசை, அதை ஒட்டி பீரோ, பீரோவை ஒட்டி இது. கை நீட்டினால் பீரோ, பீரோவைத் தாண்டிக் கை நீண்டால் மிஸ். ஏழு வயசுக்கு இது பக்கம்தானே. இன்றைக்கு மட்டும் இப்படி இருக்கும், கூட்டத்துக்காக இழுத்துப் போட்டிருப்பார்கள், பெருக்குகிற ஆயா தள்ளியிருப்பாள், திங்கட்கிழமை பழையபடி முன்னால் போட்டுவிடுவார்கள். குனிந்து மேசையின் காலைப் பார்த்தாள். கால் பதிந்த இடத்தைச் சுற்றித் தரையில் அழுக்கு சட்டம் கட்டியிருந்தது. நேற்று போட்டதில்லை. இந்த மேசை வேண்டாம், வேறு யாராவது பிள்ளையுடையதாக இருக்கட்டும், மிஸ் தப்பாகக் காட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே பலகையின் ஓரத்தைத் தடவினாள், விரலில் என்னவோ நெருடியது. பொட்டு. ஒட்டுப்பொட்டு, சிவப்பு, வரிசையாக, ஒன்றை ஒட்டி ஒன்று. அவளுடைய அட்டையிலிருந்து அடிக்கடி காணாமல் போகிற பொட்டுகள். எங்கடி போகுது என்று கேட்டால் அல்லி கண்ணை உருட்டி, எலி தூக்கிட்டுப் போகுதும்மா என்பாள். எலி இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. சரி. அப்படியானால் இதுதான். சரி, இதுதான் என்று இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போதும் அது உள்ளே இறங்கவில்லை, தொண்டையில் மாட்டிக்கொண்டு நின்றது, மிஸ்ஸுக்குப் பக்கத்துல, தனி மேசை, எனக்கு மட்டும், அந்த மூன்றும் மூன்று முள் மாதிரி.

அவளுக்குத் தெரிந்த தனி மேசை வேறு. மலையடிவாரத்து ஊரில், கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில், சிஸ்டர் யூஜினின் மேசைக்கு வலப்பக்கம் மூடி போட்ட ஒரு மேசை இருந்தது, ஒரு மாதம் முழுக்க யார் முதல் ரேங்க்கோ அவள் அதில் உட்காருவாள். அதற்குள் பேனா வைக்கக் குழி இருந்தது. மேலே ஒரு கண்ணாடிக் கிளாசில் தினமும் ஒரு பூ. சிஸ்டர்கள் ஜீப்பில் வந்து காலனியிலிருந்து கூட்டிப்போன ஏழெட்டுப் பெண்களில் கடைசிவரை அங்கே நின்றது அவள் மட்டும்தான், மற்றவர்களை ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒவ்வொரு அப்பா வந்து கூட்டிப்போய்விட்டார், கை வேண்டும், பாசி கோக்க, பலூன் ஊத. முதல் நாள் இரும்புக் கட்டிலிலிருந்து விழுந்து, அப்புறம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துத் தூங்கியவள். சடை விழுந்த முடியைக் கத்தரித்துக் கூடையில் போட்டபோது அது தன்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தவள். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இடம் காலியாக இருக்கும், போ என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் யாரும் சொன்னதில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு மாதம் முதல் ரேங்க் வாங்கினாள். அந்த மேசையில் உட்கார்ந்த மாதம் அவள் இருமக்கூட இல்லை. காய்ச்சல் வந்தும் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தாள், சிஸ்டர் யூஜின் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன்னுடைய சால்வையை எடுத்து மேலே போட்டார், அது சோப்பும் மெழுகுவர்த்தியும் சேர்ந்த ஒரு வாசனை. அந்த ஒரு மாதம்தான் இப்போதும் அவளிடம் இருக்கிறது. பத்தாவது லீவுக்கு வீட்டுக்கு வந்தவளை டில்லிபாபுவுக்குப் பேசி முடித்துவிட்டார்கள், அவள் அழவில்லை, அவன் நல்லவன், குடிக்கிறதில்லை, சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஆனால் உலகத்தில் ஒரு பிள்ளை தனியாக, டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு என்று அவளுக்குள் சிஸ்டர் யூஜின் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு அர்த்தம் உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை. காலனியில் பள்ளிக்கூடமே போகாத மற்ற பெண்களிடம் அவரவர் பிள்ளை இதைச் சொல்லியிருந்தால், எதுக்குடி உன்னைத் தனியா ஒக்கார வெச்சா என்று அந்த நிமிஷமே கேட்டிருப்பார்கள். படித்தவள் கேட்கவில்லை. படித்தவள் கேசரி கிண்டினாள்.

கேசரி கிண்டினாள், முந்திரி போட்டு, நெய் விட்டு. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்க அல்லி மிஸ் பக்கத்துல உக்காருறா, தனி மேசை போட்டிருக்காங்க. சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்கள். சிஸ்டரம்மா பொண்ணு சின்ன சிஸ்டரு என்றாள் செம்பருத்தி, அவளுக்கு வாய் ஜாஸ்தி, அவள் பையன் இதே ஊரில் வேறொரு பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவன், ஏன் நின்றான் என்று அவளும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. சிஸ்டரம்மா என்பது காலனி வைத்த பெயர். பௌர்ணமிக்கு எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்புவார்கள், திருவிழாவுக்குத் திருவிழா குடும்பத்தோடு போவார்கள், பிள்ளையும் சட்டியும் சாமி மூட்டையும் எல்லாம், அப்படிப் போனால்தான் நாலு பாசிமணி விற்கும், அப்படித்தான் காலம் காலமாக. அல்லியைச் சேர்த்த அன்றைக்கு அவள் நான் வரல என்றாள். டில்லிபாபு தனியாகப் போகிறான், தனியாக ஹோட்டலில் தின்றுவிட்டுத் தனியாகக் கடைவாசலில் படுத்துவிட்டு வருகிறான். பிள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துற என்று கேட்பான், கோபமாக அல்ல, உண்மையாகவே தெரியாமல் கேட்பான். பிள்ளை ஒருநாள் லீவு போடக்கூடாது, போட்டால் உங்க ஆளுங்களே இப்படித்தான் என்று சொல்லிவிடுவார்கள், அந்த ஒரு வார்த்தைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று அவள் சொன்னால், சரி உன் இஷ்டம் என்பான். அந்த மனுஷனுக்கும் ஒரு கிண்ணம் கேசரி எடுத்துவைத்தாள். அவன் வழித்துத் தின்றுவிட்டு, மேசை மரமா பிளாஸ்டிக்கா என்று அல்லியைக் கேட்டான். மரம்ப்பா. அப்படியா, மரமா என்று தலையை ஆட்டினான். மரம்தான். தொட்டுப் பார்த்தாள். மரம்தான்.

ஆனால் கேசரியை விட்டுவிடலாம், கேசரியை யாரும் கேட்கப் போவதில்லை, காலனி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இன்னொன்று இருக்கிறது. அதன் பக்கம் மனசு போய்ப் போய்த் திரும்பியது, சூடான பாத்திரத்தைத் தொட்டுத் தொட்டுக் கையை எடுப்பதுபோல. ஆடி மாசமா, அதற்குப் பிறகா, தலை வாரிக்கொண்டிருந்தபோது அல்லி கேட்டாள். அம்மா, நான் கவினி பக்கத்துல உக்காந்துக்கட்டுமா. கவினி யாரு. என் ஃபிரண்டு, ரெண்டாவது பெஞ்சு, அங்க இடம் இருக்குது. சிந்தாமணிக்குச் சுரீரென்றது. அந்த மேசையின் அருமை இதற்குத் தெரியவில்லையே என்றுதான் சுரீரென்றது. பின்னலை இறுக்கிக்கொண்டே சொன்னாள், அந்த இடத்தை விட்டுடாத, யார் கேட்டாலும் குடுத்துடாத, எத்தனை பேரு அதுக்கு அலையுறாங்க தெரியுமா, நீ பாட்டுக்குப் போய்ப் பெஞ்சுல உக்காந்த, அப்புறம் தெரியும் சேதி. அல்லி கண்ணாடியில் பார்த்தாள். சரிம்மா என்றாள். மறுபடியும் கேட்கவே இல்லை. அந்தச் சரிம்மாவுக்குள் என்ன இருந்தது? தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா? தெரிந்திருந்தால் முதல் நாள் ஏன் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்? முதல் நாள் தெரியாது, ஆடியில் தெரிந்துவிட்டது, அப்படித்தான் இருக்கும். தெரிந்தபிறகு அம்மாவிடம் வந்தது, அம்மா கேசரி கிண்டியவள், அம்மாவிடம் எப்படிச் சொல்லும்? அம்மா மனசு நோகக் கூடாது என்று ஏழு வயசு யோசிக்குமா? யோசிக்கும், ஏன் யோசிக்காது. கட்டிலுக்கு அடியில் படுத்ததைத் தன் அப்பாவிடம் அவள் சொன்னாளா? நல்லா இருக்குதுப்பா, கட்டிலு குடுத்திருக்காங்க என்றுதானே சொன்னாள். ஆக மிஸ் ஒரு பக்கம் போட்ட மேசையை இன்னொரு பக்கம் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது யார்? இவள்தான். நாலு காலில் ஒரு கால் இவளுடையது.

கதவு காற்றில் ஆடியது. ஒருதரம் ஆடினால் பலகையில் பாதி மறைகிறது, இன்னொரு தரம் ஆடினால் மிச்சம் தெரிகிறது. செருப்புகளை வெளியே விட்டால் நாய் தூக்கிக்கொண்டு போகிறது என்று உள்ளே விடச் சொல்வார்களாம், இப்போது அப்பா அம்மாக்களின் செருப்புகள் கிடந்தன, அவளுடையது மட்டும் பின்வாசலில் தனியாகக் கிடக்கும். அல்லி படம் வரைந்தால் செருப்புதான் வரைவாள். மற்ற பிள்ளைகள் வீடு, மலை, சூரியன், ஆறு என்று வரையும், இது செருப்பு வரையும். பட்டாம்பூச்சி வைத்தது கவினி, வார் அறுந்து ஊக்கு குத்தினது ரோஷன், லைட் எரியறது தன்யா, அவ நடந்தா சிவப்பு சிவப்பா எரியும். கடைத்தெருவில் போகும்போது காலைப் பார்த்தே, அம்மா அது எங்க கிளாஸ் பையன் என்று சொல்லும், நிமிர்ந்து பார்த்தால் சரியாக இருக்கும். என்ன சூட்டிகை என்று சிந்தாமணி பூரித்திருக்கிறாள், டில்லிபாபுவைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டியிருக்கிறாள். முகத்துக்கு முன்னால் கால் தெரிகிற இடம் இது. ஜூன் மாதத்திலிருந்து இந்தப் பிள்ளை செருப்புக்குப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது வேறு, காதுக்குப் பின்னால் சூடாக, காலனியில் பெண்கள் சண்டைக்குக் கிளம்பும்போது கொண்டையை அவிழ்த்து முடிவார்களே, அந்தச் சூடு. உடனே அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது, நாய்க்குட்டி மாதிரி காலைச் சுற்றிக்கொண்டு. இரு, சிந்தா. பொறு. வாயைத் திறந்துவிடாதே.

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே நிச்சயம் இல்லை, அதுதான் பயம். எஸ் சிஸ்டர் வரும். பெரியவர்கள் குரலை உயர்த்தினால் அவள் கால் தானாக எழுந்து நிற்கும், கை தானாக முன்னால் கோத்துக்கொள்ளும். அது இல்லையென்றால் சாமி வரும். பஸ் ஸ்டாண்டில் யாரைப் பார்த்தாலும் சாமி, வாங்குகிறவனும் சாமி, துரத்துகிறவனும் சாமி, அம்மாவின் இடுப்பில் இருந்தபோதே வாயில் ஏறிய சொல். சேர்க்க வந்த அன்று மாமியார் கூடவே வந்து வாசலில் கும்பிட்டு, புள்ளைய சேத்துக்க சாமி என்றபோது ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள், அன்றைக்கே அல்லிக்குச் சொல்லிவைத்தாள், இங்கே யாரும் சாமி இல்லை, மிஸ் என்று சொல், சார் என்று சொல். எஸ் சிஸ்டரும் வராமல் சாமியும் வராமல் சண்டை வந்துவிட்டால்? டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்பார்கள். டி.சி. என்ற சொல்லை யாரும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை, ஆனால் அது இந்தக் கட்டடத்தில் எங்கேயோ இருக்கிறது, பீரோவுக்குள்ளேயே இருக்கலாம். ஊருக்கு வெளியே உங்க ஆளுங்களுக்குன்னே ஒரு ஸ்கூல் இருக்குதே, சாப்பாடு, துணி எல்லாம் தராங்களே, அங்க போட்டா பிள்ளைக்கும் சௌகரியம்தானே என்று அன்றைக்கே ஆபீசில் கேட்டார்கள். கெட்ட இடம் இல்லை அது. செம்பருத்தியின் மகள் அங்கேதான் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஆனால் அங்கே இருப்பது எல்லாம் காலனிப் பிள்ளைகள், காலையில் காலனியிலிருந்து கிளம்பிக் காலனிக்கே போய்ச் சேர்வது மாதிரி. வீட்டில் வாக்ரிபோலி பேசு, வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை, அது தாய்ப்பேச்சு. வெளியில் உலகம் எவ்வளவு பெரியது என்று பார், உலகமும் உன்னைப் பார்க்கட்டும். அதற்குத்தானே இந்தப் பள்ளிக்கூடம். உலகம் பார்த்தது. பார்த்துவிட்டு பீரோவுக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தது.

யார் சொல்லியிருப்பார்கள்? மிஸ்ஸாகவே செய்தாரா, அல்லது இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் யாராவது போய்ச் சொன்னார்களா, என் பிள்ளை பக்கத்தில் வேண்டாம் என்று? ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். ஹெல்மெட் அப்பாவா? அவர் இந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். மல்லிகைப்பூ வைத்த அந்த அம்மாவா? வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சுடிதாரா? இரண்டாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருப்பவள் கவினியின் அம்மா, நீலச் சேலை, மடியில் கைப்பை, பக்கத்தில் யாரும் இல்லை, பாதிப் பெஞ்சு காலி. அவளா? எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், அதுதான் கஷ்டம். ஒருத்தராவது முகத்தைச் சுளித்தால் பரவாயில்லை போல இருந்தது. திறந்த கதவு வழியாக மைதானம் தெரிந்தது. கூட்டம் முடியும்வரை பிள்ளைகளை விளையாட விட்டிருந்தார்கள். சிமெண்டுக் குழாய்க்குள் ஒரு கூட்டம் புகுந்து மறுபக்கம் வந்தது, அல்லி முதலில் வந்தாள், தலை முழுக்க மண், பின்னால் அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு பட்டாம்பூச்சிச் செருப்பு, அதன் பின்னால் ஊக்கு குத்தின செருப்பு. ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். ஒருத்தர் வாயில் கடித்த மாங்காயை இன்னொருத்தர் வாங்கிக் கடித்தார்கள். மைதானத்தில் பீரோ இல்லை. வெறும் வெயில்தான் இருந்தது.

மிஸ்ஸின் பேச்சு ஆண்டுவிழாவுக்கு வந்துவிட்டிருந்தது. வரவேற்பு நடனம் இருக்கிறது, யோகா இருக்கிறது, இரண்டாம் வகுப்புக்குக் குறத்தி நடனம், எட்டுப் பெண்கள், பேர் எல்லாம் எடுத்தாகிவிட்டது. தாய்மார்களிடையே கலகலப்பு, பாவாடை என்ன கலர், கொண்டை யார் போடுவது என்று. சிந்தாமணி காது கொடுத்துக்கொண்டிருந்தாள், கொடுக்காமலும் இருந்தாள், இடுப்பை ஒடித்து ஆடுகிற அந்த ஆட்டத்துக்கும் தங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை, குறவர் வேறு, ஊர் நரிக்குறவர் என்று சொல்கிற வாக்ரி வேறு, காலனியில் ஒருத்தி அப்படி ஆடினால் அன்றைக்கே பஞ்சாயத்தைக் கூட்டிவிடுவார்கள், ஆனால் ஊரில் எந்த விழா என்றாலும் அந்த ஆட்டத்தைப் போட்டுவிட்டு இவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்போது மிஸ் பீரோவைச் சுற்றிக்கொண்டு வந்து, ஜூன் மாதத்திலிருந்து முதல் முறையாக இருக்கும், அந்தக் குட்டி மேசையின் மேல் கை வைத்து நின்றார்.

"அல்லி அம்மா, உங்களத்தான் நம்பியிருக்கேன். பாசிமணி, ஊசி டப்பா, அந்தக் கூடை எல்லாம் ஒரிஜினலா உங்ககிட்டதான் இருக்கும். எட்டு பொண்ணுங்களுக்கும் நீங்களே போட்டுவிட்டுடுங்க."

குரலில் தேன் இருந்தது, கபடம் இல்லை. எஸ் சிஸ்டர் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, கால் எழுந்துவிட்டது, முழங்கால் மேசையைத் தட்டி மேசை கிறீச்சிட்டது. எழுந்தாகிவிட்டது. இனி ஏதாவது சொல்ல வேண்டும். அல்லி ஆடுகிறாளா என்று கேட்டாள். தன் குரல்தானா என்றிருந்தது, அவ்வளவு சின்னதாக இருந்தது.

"அவ ஆடுனா நடிப்பு மாதிரி இருக்காதேம்மா. நிஜமா வந்துட்ட மாதிரி ஆயிடும்."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, ஹெல்மெட் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்களே, அதே சிரிப்பு. மிஸ்ஸும் சிரித்தார். சிந்தாமணிக்கு அந்தச் சிரிப்பில் ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது, இதில் யாருக்கும் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை, யாரும் சொல்லாதவரை யாருக்கும் தெரியப்போவதும் இல்லை, அல்லி மூன்றாவதுக்குப் போனாலும் அங்கே ஒரு பீரோ இருக்கும். கோத்துக்கொள்ளப் பார்த்த கையைப் பிரித்து, மேசைமேல் ஊன்றினாள். பயம் இருக்கட்டும். பயந்துகொண்டே பேசினால் என்ன.

"இந்த மேசை எதுக்கு மிஸ் தனியா கெடக்குது?"

மிஸ்ஸின் முகம் ஒரு நொடி ஒன்றும் எழுதாத சிலேட்டு மாதிரி ஆனது. அப்புறம் நிறையச் சொன்னார். அது அவள் வசதிக்குத்தான், உங்க ஆளுங்க அடிக்கடி ஊருக்குப் போய்விடுவீர்கள், நடுவில் இடம் காலியாக இருந்தால் பெஞ்சு நன்றாக இருக்காது, அப்புறம் ஒன்றிரண்டு பேரண்ட்ஸ் கேட்டுக்கொண்டார்கள், யார் என்று வேண்டாம், நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, என் பக்கத்தில்தானே வைத்திருக்கிறேன். வாட்ச்சைப் பார்த்தவள் வாட்ச்சையே பார்த்தாள். சிந்தாமணி மெதுவாக, வார்த்தை வார்த்தையாக, அல்லி இதுவரை ஒருநாள் லீவு போட்டதில்லை என்றாள். வீட்டில் அம்மை போட்டபோதுகூட அவளை அடுத்த தெருவில் இருக்கவைத்து அனுப்பினேன் என்றாள். அவள் அப்பா தனியாகத் திருவிழா பார்க்கிறார் என்று சொல்ல வந்தாள், சொல்லவில்லை, அது இவர்களுக்கு எதற்கு.

"பாசிமணி பஸ் ஸ்டாண்டுல கிடைக்கும் மிஸ். எங்க வீட்டுக்காரர் கடை போட்டிருக்கார். எட்டு பேருக்கும் வாங்கிக்கச் சொல்லுங்க. சும்மா கேட்டா குடுக்க மாட்டார்."

யாரோ ஒருத்தர் பின்னாலிருந்து களுக்கென்று சிரித்து உடனே இருமினார். அவள் மேசையை விட்டு வெளியே வந்தாள். செருப்புகளைத் தாண்டினாள், ஒன்றை மிதித்தாள், யாருடையதோ. பயம் போகவில்லை, கூடவே வந்தது, காதுக்குள் திம் திம் என்று அடித்துக்கொண்டு, டி.சி., டி.சி. என்று. இவ்வளவு பயத்தோடு நடக்க முடிகிறதே என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டாவது பெஞ்சின் பக்கம் நின்றாள்.

"அது கவினி இடம் அல்லி அம்மா" என்றார் மிஸ்.

"தெரியும் மிஸ். அங்க உக்காரட்டுமான்னு எம் பொண்ணு கேட்டா. நான்தான் கூடாதுன்னுட்டேன். இப்ப சரின்னு சொல்றேன்."

ஹெச்.எம்.மிடம் பேச வேண்டும், இதெல்லாம் என் கையில் இல்லை என்றார் மிஸ், குரலில் தேன் வற்றிவிட்டது. பேசுங்க மிஸ் என்றாள் சிந்தாமணி, அவங்களையே இங்க கூட்டிட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன். கவினியின் அம்மா நிமிர்ந்து பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். பெஞ்சின் மேல் பரந்து கிடந்த நீல முந்தானையை, அதில் ஏதோ பட்டுவிடப் போகிறது என்பதுபோல, விரல் நுனியால் இழுத்து இழுத்துத் தன் மடிக்குள் சேர்த்துக்கொண்டாள். சேர்த்துக்கொள்ளட்டும். அவள் சேர்த்துக்கொள்ளச் சேர்த்துக்கொள்ள மரம் வெளியே வந்தது, ஒரு சாண், இரண்டு சாண், ஒரு பிள்ளைக்கு வேண்டிய இடம், பிறகு ஒரு பெரிய ஆளுக்கு வேண்டிய இடம். சிந்தாமணி உட்கார்ந்தாள். ஓரத்தில் ஒட்டி அல்ல, முழுசாக, முதுகைச் சாய்த்து, இரண்டு முழங்கையையும் டெஸ்கின் மேல் நன்றாகப் பரப்பிவைத்து உட்கார்ந்தாள். இங்கிருந்து பார்த்தால் கரும்பலகை முழுக்கத் தெரிந்தது.